ஒரு சாண் பப்பா

எல்ராயின் பப்பா ஒரு சாண் உயரம். தலை உண்டு, தோள் உண்டு, ஆட்டிக் காட்ட ஒரு கை உண்டு. அதற்குக் கீழே ஆள் கிடையாது. பகல் முழுக்க மாயின் கைப்பையிலோ அரிசி டப்பாவின் மேலோ படுத்துக் கிடப்பார். சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் விழித்துக்கொண்டு, "என்னடா ராஜா, என்ன சாப்பிட்டே?" என்பார். மாய் என்றால் அம்மா. மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்த ஏற்பாட்டில் குறை எதுவும் தெரியவில்லை. தெருவில் மற்றப் பிள்ளைகளின் பப்பாக்களும் அநேகமாக இதே அளவில்தான் இருந்தார்கள்.

அவர்கள் ஊரான அசோல்னாவில் அப்படித்தான். வீட்டுக்கு ஓர் ஆண் கப்பலில் இருப்பான். ஒருத்தன் இறங்கி வரும்போது இன்னொருத்தன் ஏறப் புறப்படுவான். ஊருக்குள் நுழைகிறவனைப் பார்த்து "எப்ப வந்தே?" என்று கேட்கிற வாய், மூச்சு விடுவதற்குள் "எப்ப போறே?" என்றும் கேட்டுவிடும். கேட்கிறவர்களுக்கு அது வெறும் குசலம். கப்பல்காரனின் பெண்டாட்டிக்கோ காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவதுபோல இருக்கும்.

ஈஸ்டர் முடிந்த வாரம் எர்மெலிந்தாவின் வீட்டு வாசலில் டாக்சி வந்து நின்றது. இனாஸ் இறங்கினான். உல்லாசக் கப்பலில் அறைகளைத் துடைத்துப் படுக்கை விரித்து வைக்கிற வேலை அவனுக்கு. இதற்கு முன் அவன் வந்துபோனபோது எல்ராய் தவழ்ந்துகொண்டிருந்தான். நடுவில் கிடைத்திருக்க வேண்டிய விடுமுறையை, கூரை ஓடு மாற்றப் பணம் வேண்டும் என்பதற்காக, கப்பலிலேயே வேலை செய்து கழித்துவிட்டான். ஏழு வயது ஜோவிதா ஓடிப்போய் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். எல்ராய் கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, வந்த ஆளை மேலும் கீழும் பார்த்தான்.

"குட் ஈவினிங், அங்கிள்."

வாசலில் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லோரையும்விட எர்மெலிந்தாதான் அதிகம் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்புறம்தான் இனாசின் முகத்தைப் பார்த்தாள். மீதிச் சிரிப்பை மென்று விழுங்கினாள்.

"டேய், பப்பாடா!" ஜோவிதா தம்பியின் பிடரியில் தட்டினாள்.

"பப்பா மாதிரி இருக்கார்," என்று ஒப்புக்கொண்டான் எல்ராய். அதற்குமேல் ஓர் அங்குலம் இறங்கிவர அவன் தயாராக இல்லை.

அன்று அந்தி மணி அடித்ததும் ஹாலில், மாதா படத்துக்கு முன்னால் முழங்காலிட்டு ஜெபமாலை சொன்னார்கள். முடிந்ததும் பிள்ளைகள் கைகூப்பிப் பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் ஆசீர்வாதம் கேட்க வேண்டும். அந்த ஊரில் சோறு தப்பினாலும் அது தப்பாது. ஜோவிதா மாயிடம் வாங்கினாள், பப்பாவிடம் வாங்கினாள். எல்ராய் மாயிடம் வாங்கினான். பிறகு இனாசைத் தாண்டிக்கொண்டு நேராக அலமாரிக்குப் போய் மாயின் போனை எடுத்து வந்தான்.

"பப்பாவைக் கூப்பிடு."

"இதோ உக்காந்திருக்காரேடா பப்பா."

"இது அங்கிள். எனக்கு ஆசீர்வாதம் வேணும்."

"அங்கிள் குடுத்தா வாங்கிக்க மாட்டியா?" என்றான் இனாஸ். குரலில் விளையாட்டு காட்டப் பார்த்தான், சரியாக வரவில்லை.

"நீங்க நல்ல அங்கிள்தான்," என்று எல்ராய் மரியாதையாகவே சொன்னான். ஆனால் கீழுதடு நடுங்க ஆரம்பித்துவிட்டது. அவன் அழுதால் சால் ஆற்றுக்கு அந்தக் கரை வரைக்கும் கேட்கும். எர்மெலிந்தா அவசரமாக இனாசின் எண்ணை அழுத்தினாள். போன் அவன் சட்டைப் பைக்குள் மணியடித்தது. ஜோவிதா வாயைப் பொத்திக்கொண்டாள். இனாஸ் எழுந்து, சமையலறை வழியாகப் பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். சற்றுக் கழித்துத் திரை முழுக்க அவன் முகம் வந்தது.

"என்னடா ராஜா, என்ன சாப்பிட்டே?"

"மீனு. பப்பா, உன் பின்னாடி மரம் இருக்கு."

"அது... கப்பல்ல புதுசா ஒரு பலாமரம் வச்சிருக்காங்க."

"காய்ச்சிருக்கா?"

"காய்ச்சிருக்கு, காய்ச்சிருக்கு."

எல்ராய் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனை நெற்றியில் ஒற்றி ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டான். மறுநாளிலிருந்து இனாஸ் சமையலறையின் பின்சுவரில் வெள்ளையடித்த இடமாகப் பார்த்து முதுகை ஒட்டி நின்றுகொண்டான். இல்லாவிட்டால் கப்பலில் கோழி மேய்வதற்கும் கிணறு இருப்பதற்கும் அவன் காரணம் சொல்லியாக வேண்டும்.

ஒரு நாள் கூத்து என்றுதான் நினைத்தார்கள். அது தினப்படி வழக்கமாகிவிட்டது.

வெயில் இன்னும் முற்றாத நாட்கள் அவை. விடிகாலையில் ரொட்டிக்காரனின் சைக்கிள் ஹார்ன் சந்து முனையில் கேட்கும். தூங்குகிற பிள்ளைகளின் கனவுக்குள் அது என்னவாகப் போய்ச் சேருமோ, இருவரும் கண்ணைத் திறக்காமலே புரண்டு படுப்பார்கள். பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது. யாருக்கும் எங்கும் போக வேண்டியதில்லை. குன்றுப் பக்கமிருந்து வருகிற காற்றில் முந்திரிப் பழ வாசனை புளிப்பும் இனிப்புமாக வந்து துணி, தலையணை எல்லாவற்றிலும் தங்கிவிட்டது. கூரையில் ஓட்டுக்கு நடுவே பதித்த கண்ணாடி வழியாக ஒரு வெளிச்ச வட்டம் ஹால் தரையில் இறங்கும். எல்ராய் அதற்குள் உட்கார்ந்துகொள்வான். அது நகர நகர அவனும் பிட்டத்தால் நகருவான். மதியம் சாயும்போது வட்டம் சுவரில் ஏறிவிடும், அவன் சுவரோரமாகச் சுருண்டு தூங்கிப்போயிருப்பான். எர்மெலிந்தாவுக்கும் அந்த நேரத்தில் கண் சொக்கும். பாதித் தூக்கத்தில், ஆணியில் தொங்கும் பெரிய சட்டையைப் பார்த்து இது யாருடையது என்று ஒரு கணம் யோசிப்பாள். யாருடையது என்று ஞாபகம் வந்ததும் மனசு நிறைந்துவிடும். தூக்கமும் வராது.

இனாஸ் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு அல்சீராவின் முந்திரித் தோப்புக்குப் போவான். அங்கே பழத்தை மிதித்துப் பிழிந்த பிறகு, சக்கையின் மேல் கல்லை ஏற்றி, அதிலிருந்து சொட்டுகிற சாறைப் பானையில் பிடிப்பார்கள். அதற்கு நீரோ என்று பெயர், பிள்ளைகள் குடிக்கலாம். புளிக்க வைத்துக் காய்ச்சினால் அதுவே பெரியவர்கள் குடிக்கிற சாராயமாகிவிடும். எல்ராய் பானைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு ஒவ்வொரு சொட்டாக விழுவதை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பான். வீட்டுக்கு வரும்போது சட்டை முன்பக்கம் பழுப்பாகிவிட்டிருக்கும். முந்திரிக் கறை எந்த சோப்புக்கும் போகாது. எர்மெலிந்தா திட்டுவாள். திட்டுகிறவளின் கையிலும் ஒரு டம்ளர் நீரோ கொடுக்கப்பட்டிருக்கும், அதனால் திட்டு பாதியில் நின்றுவிடும்.

ஒரு நாள் இனாஸ் குளித்த துண்டை எடுத்து உருட்டி, மடக்கி, இழுத்து, யானையாக்கிக் கட்டிலில் உட்கார வைத்தான். கப்பலில் பயணிகளின் படுக்கையில் தினமும் செய்து வைக்கிற யானை. போனில் எத்தனையோ தரம் மகனுக்குக் காட்டியிருக்கிறான். இதைப் பார்த்தாவது புரியும் என்று அவனுக்கு ஒரு நப்பாசை.

அன்று சாயங்காலம் எல்ராய் போனில் வைத்த முதல் செய்தியே அதுதான். "பப்பா, அங்கிளுக்கு உன் யானை செய்யத் தெரியும்!"

"அப்படியா? நல்லா செய்யறாரா?"

"உன்னுது மாதிரி இல்ல. தும்பிக்கை தொங்கிப்போச்சு. பாவம், நான் ஒண்ணும் சொல்லல."

பின்சுவருக்கு அந்தப் பக்கம், வேலிக்கு மேலே தலையை நீட்டி அல்சீரா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வாய் சும்மா இருக்குமா?

"அரே இனாஸ், சொந்த வீட்டுக் கொல்லையில நின்னு சொந்தப் பையனுக்கு போன் பண்ற ஆம்பிளையை இப்பத்தான்டா பாக்கறேன். இங்கயே ஒரு ஓலைக் கொட்டாய் போட்டுக்கோ. மீன் குழம்பு நான் வேலி வழியா தரேன்."

"நீ குழம்பு தரவேண்டாம், வாயை மூடிக்கிட்டிருந்தாப் போதும்," என்று இனாஸ் போனைக் கையால் மூடிக்கொண்டு கிசுகிசுத்தான்.

எல்ராய்க்கு அங்கிளின் மேல் ஒரு குறையும் இல்லை. நாள் போகப்போக அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் கோயில் வரைக்கும் நடந்தான். மீனில் முள் எடுத்துத் தரும் உரிமையை மாயிடமிருந்து பிடுங்கி அவருக்குக் கொடுத்துவிட்டான். படுக்கை விஷயத்தில் மட்டும் பிடிவாதம். பெரிய கட்டிலில் சுவரோரம் பப்பாவின் இடம். அங்கே யாரும் படுக்கக் கூடாது. இனாஸ் ஹாலில் மரப்பெஞ்சில் கிடந்து புரண்டான். அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு காலையில் எழுவதைப் பார்த்து எல்ராய் போனில் அனுமதி கேட்டான்: "பப்பா, அங்கிள் உன் இடத்துல படுத்துக்கட்டுமா? நீ வந்ததும் எழுப்பிவிட்டுடறேன்." பப்பா பெரிய மனசு பண்ணி ஒப்புக்கொண்டார்.

எர்மெலிந்தா இதையெல்லாம் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சொல்லாமல் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. மகன் போனை எடுத்துக்கொண்டு வரும் ஒவ்வொரு தரமும் அவளுக்குள் ஒரு நிம்மதி. போனில் இருக்கிற பப்பா எங்கும் போகமாட்டார். டாக்சி வராது, பெட்டி கட்ட மாட்டார். இந்த ஆள் அங்கிளாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அங்கிள் போனால் பிள்ளைக்கு என்ன? கை ஆட்டிவிட்டு விளையாடப் போய்விடும். இப்படி நினைக்கிறோமே என்று அவளுக்கே தன்மேல் கோபம் வந்தது. கோபம் வந்ததே தவிர நினைப்பு போகவில்லை.

இனாஸ் முட்டாள் இல்லை. ஒரு மதியம், பிள்ளைகள் தூங்கும்போது, சமையலறையில் அவள் மீனுக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றான்.

"லிந்தா, நீ ஒரு வார்த்தை அழுத்திச் சொன்னா அவன் நம்புவான். நீ சொல்றதுதான் அவனுக்கு வேதம்."

"தானா தெரிஞ்சுக்குவான். என்ன அவசரம்?"

"என்ன அவசரமா? மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நான் போயாகணும்."

அவள் அரைப்பதை நிறுத்தவில்லை.

"நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றான் இனாஸ். "அவன் கேக்கறதுக்கு முன்னாடியே போனை எடுத்து நீட்டறே. உனக்கு அவன் என்னைத் தெரிஞ்சுக்காம இருந்தாத்தான் வசதியோ?"

"அழறான், குடுக்கறேன்."

"அழட்டுமே!"

"அழட்டுமா?" அவள் எழுந்துவிட்டாள். கையெல்லாம் சிவப்பாக மசாலா. "அழறதை யாரு பாக்கறது? நீ பாத்திருக்கியா? ஜோவிதா இவன் வயசுல இருந்தப்ப நீ டாக்சி ஏறிப் போனியே, அப்புறம் இந்த வீட்டுல என்ன நடந்துச்சுன்னு தெரியுமா உனக்கு? வெளிக் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. உள்ள வரமாட்டேன்னுட்டா. சோறு இறங்கல. காய்ச்சல் வந்துச்சு. நீ கழட்டிப் போட்ட சட்டையை இழுத்துக்கிட்டே திரிஞ்சா, துவைக்கவும் விடல. நீ போன் பண்ணினா, போனைக் குப்புறக் கவுத்து வச்சுட்டு எழுந்து போயிடுவா. 'ஜோவி தூங்கறா'ன்னு உன்கிட்ட எத்தனை தரம் பொய் சொல்லியிருக்கேன்!"

"நீ சொல்லவே இல்லையே," என்றான் இனாஸ்.

"சொன்னா? கடல்ல குதிச்சு நீந்தி வந்திருப்பியா?"

அன்று சாயங்காலம் யாரும் கூப்பிடுவதற்கு முன்னாலேயே இனாஸ் தானாகப் போய்ப் பின்சுவரோடு நின்றுகொண்டான். ஹாலிலிருந்து அவன் முதுகைப் பார்த்தபோது எர்மெலிந்தாவுக்கு அழுகை முட்டியது. சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. சொன்னதற்காக வருத்தப்படாமலும் இருக்க முடியவில்லை.

மறுநாள் காலை அவளும் ஜோவிதாவும் மாவடு பொறுக்கி உப்புத் தண்ணீர் ஜாடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்ராயும் இனாசும் ஆற்றங்கரைக்குப் போயிருந்தார்கள்.

"ஜோவி, நீ சின்னவளா இருந்தப்ப பப்பா கப்பலுக்குப் போனார். நீ ரொம்ப அழுதே. ஞாபகம் இருக்கா?"

"அழுதேனா?"

"கேட்டைப் பிடிச்சுக்கிட்டு அழுதியேடி. காய்ச்சல்கூட வந்துச்சு."

ஜோவிதா ஒரு வடுவைக் கடித்து, புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். "அது ஞாபகம் இல்ல மாய். பப்பா என்னைத் தோள்ல வச்சுக்கிட்டு ஆத்துக்குள்ள நடந்தார், அது ஞாபகம் இருக்கு. தண்ணி அவர் நெஞ்சு வரைக்கும் வந்துச்சு. என் கால் மட்டும் நனைஞ்சுது. நான் அவர் காதை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டிருந்தேன். காது சூடா இருந்துச்சு."

"அப்ப உனக்கு மூணு வயசுடி. எப்படி ஞாபகம் இருக்கும்?"

"இருக்கு," என்றாள் ஜோவிதா. அதோடு முடித்துக்கொண்டு இன்னொரு வடுவைத் தேடினாள்.

எர்மெலிந்தாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அத்தனை அழுகையையும் இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் அவள். சோறு ஊட்ட முடியாமல் தட்டைத் தூக்கி எறிந்தவள் அவள். இந்தப் பெண்ணோ அதில் ஒரு சொட்டுக்கூட வைத்துக்கொள்ளவில்லை. சூடான இரண்டு காதை மட்டும் எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டு மீதியைத் தாயிடமே விட்டுவிட்டுப் போய்விட்டது. ஜாடியை மூடித் துணி கட்டும்போது முடிச்சு மூன்று தரம் அவிழ்ந்தது.

அடுத்து வந்த வாரம் புழுக்கம் அதிகமாகிவிட்டது. ஒரு மதியம் அல்சீரா பாதிப் பலாப்பழத்தை வேலி வழியாகக் கொடுத்துவிட்டு, "அப்புறம் இனாஸ், எப்ப போறே?" என்று கேட்டாள். கேட்காவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும்.

"மழைக்கு முன்னாடி," என்றான் இனாஸ்.

சமையலறை மேசைக்குக் கீழே, சேர்த்து வைத்த பலாக்கொட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த எல்ராய் நிமிர்ந்து பார்த்தான். சாப்பிட்டுவிட்டு, குளிர்ச்சியாக இருக்கிறதென்று சமையலறைத் தரையிலேயே தூங்கிப்போனான். ஜோவிதா ஹாலில் தூங்கினாள். எர்மெலிந்தா மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள். எங்கோ தொலைவில் மேகம் உருண்டது. வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு மங்கி, பாத்திரங்களெல்லாம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோலத் தெரிந்தன. கோடையில் வழிதவறி வருகிற மழை. கொல்லையில் காய வைத்திருந்த கோக்கம் புளித் தோலை வாரி எடுக்க இனாஸ் முறத்தோடு வெளியே ஓடினான். காற்றில் பின்கதவு அடித்துக்கொண்டது. அவன் வந்ததும் திறந்துகொள்ளலாம் என்று அவள் எழுந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தாள்.

இடிச் சத்தத்தில் எல்ராய் விழித்துக்கொண்டான். கன்னத்தில் தரையின் தடம். எழுந்ததும் கேட்டது, "மாய், போன்."

"இப்ப பப்பாவுக்கு வேலை நேரம்டா."

"அவசரம்."

அந்த வார்த்தையை எங்கே பிடித்தானோ. அவள் அழுத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் மணியடித்தது மழை இரைச்சலில் அமுங்கிவிட்டது. இனாஸ் கூரை விளிம்புக்குக் கீழே ஒதுங்கி, திரையில் சாரல் படாமலிருக்கப் போனைக் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டான் போலிருக்கிறது. திரையில் ஒரு காதும் கொஞ்சம் கிருதாவும் மட்டும் தெரிந்தன.

"சொல்றா ராஜா."

"பப்பா, நீ கப்பல்ல பெரிய ஆளா?"

"ஏன்டா?"

"நீ சொன்னா அங்கிள் கேப்பாரா?"

"என்ன சொல்லணும்?"

"அங்கிள் போகப்போறாராம்." குரல் உடைந்தது. அவன் மூக்கை உறிஞ்சி அதைச் சரி செய்துகொண்டான். "அல்சீரா ஆன்ட்டிகிட்ட சொன்னார். நீ அவர்கிட்ட பேசு பப்பா. போகவேண்டாம்னு சொல்லு. உன் இடத்துலயே படுத்துக்கட்டும். நீ வந்தா நான் மாய் பக்கம் நகந்து படுத்துக்கறேன். நான் கொஞ்ச இடந்தான் எடுத்துப்பேன்."

விசிறி எர்மெலிந்தாவின் கையில் நின்றுவிட்டது. அங்கிள் போனால் பிள்ளைக்கு என்ன என்று நினைத்திருந்தாள். பெயரை மறைத்தால் பாசம் வராது என்று எந்த மடச்சி அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாள்? பிள்ளை ஏற்கெனவே பிரிவுக்கு அழ ஆரம்பித்துவிட்டான். ஒரே ஒரு வித்தியாசம்: தான் யாருக்காக அழுகிறோம் என்பது அவனுக்குத் தெரியாது.

வானம் பிளந்ததுபோல ஓர் இடி. ஹாலில் ஃபேன் நின்றது, ஃபிரிஜ்ஜின் முனகல் நின்றது. திரையில் இருந்த காது அப்படியே உறைந்து, பிறகு கறுப்பாகி மறைந்தது. சிக்னலும் போய்விட்டது.

"...அந்த அங்கிளுக்கும் போகப் பிடிக்கலடா," என்றது குரல். "உன்னைப் பாக்கறதுக்குன்னேதான் வந்தார். வந்த நாள்லேர்ந்து உன்னையே பாத்துக்கிட்டிருக்கார். ராஜா, கேக்குதா?"

எல்ராய் கறுத்துப்போன போனைப் பார்த்தான். குலுக்கினான். காதில் வைத்துப் பார்த்தான், எடுத்துப் பார்த்தான். குரல் நிற்கவில்லை. ஓடுகளில் மழை இறங்குகிற சத்தத்துக்கு நடுவே, சுண்ணாம்புச் சுவர் வழியாக, கதவின் இடுக்கு வழியாக அது வந்துகொண்டிருந்தது. முன்னைவிடக் கனமாக, முன்னைவிடக் கிட்டத்தில். அவன் மெல்லத் தலையைக் கதவுப் பக்கம் திருப்பினான். பிறகு மாயைப் பார்த்தான்.

"மாய், போன் செத்துப்போச்சு. பப்பா பேசிக்கிட்டே இருக்கார்."

பொய் அவள் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. அங்கிள் யாரோடயோ பேசறார், நீ தூங்கு. அவ்வளவுதான். நாளைக்குக் கரண்ட் வந்துவிடும், சாயங்காலம் பப்பா திரும்பத் திரைக்குள் வந்துவிடுவார், மழைக்கு முன்னால் டாக்சியில் ஓர் அங்கிள் போவார். அவளைக் கேள்வி கேட்க இந்த வீட்டில் யாருமில்லை.

"ஆமா," என்றாள் எர்மெலிந்தா. "பப்பாதான். வெளியில இருக்கார்."

எழுந்து போய் மரத் தாழ்ப்பாளை இழுத்தாள். ஈரத்தில் ஊதியிருந்தது, இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. கதவு திறந்ததும் சாரல் அவள் முகத்தில் அடித்தது. இனாஸ் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, செத்துப்போன போனைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு, புளித் தோல் நிறைந்த முறத்தை இடுப்பில் அணைத்தபடி இன்னும் பேசிக்கொண்டிருந்தான். எல்ராய் நிலைப்படியில் நின்றான். அந்த வாய் அசைவதையும் அதிலிருந்து பப்பாவின் சொற்கள் ஒவ்வொன்றாக வெளியே வருவதையும் மிகுந்த கவனத்தோடு பார்த்தான்.

"பப்பா," என்றான், சும்மா சோதித்துப் பார்க்கிறவன்போல.

இனாஸ் கண்ணைத் திறந்தான். பிறகு எல்ராய் வெறுங்காலோடு சேற்றில் இறங்கி நடந்து போய் அவன் காலைக் கட்டிக்கொண்டான். முறம் கீழே விழுந்தது. ஒரு வாரம் காய்ந்த புளியெல்லாம் தண்ணீரில் மிதந்து போயிற்று. அதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? இனாஸ் மகனை வாரித் தூக்கினான். தூக்கியவன் மழைக்குள்ளேயே நின்றான், உள்ளே வர வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

"இவ்வளவு நேரம் இங்கயா இருந்தே?" என்று எல்ராய் கேட்டான்.

"இங்கதான்டா இருந்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

இனாஸ் ஏதோ சொன்னான், இடியில் கேட்கவில்லை. எல்ராயின் இரண்டு கையும் அவன் கழுத்தைச் சுற்றிப் போய்ப் பின்னால் ஒன்றையொன்று கோத்துக்கொண்டதை எர்மெலிந்தா பார்த்தாள். விரல்கள் வெளுக்கும் அளவுக்கு இறுக்கம். டாக்சி வருகிற நாளில் அந்த விரல்களை யாராவது ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருக்கும். அதைச் செய்யப்போவது அவள்தான். இனாசால் முடியாது, வேறு ஆளும் கிடையாது. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் நெஞ்சுக்குள் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்ததை அவளால் என்ன செய்ய முடியும்?

ஜோவிதா தூக்கக் கலக்கத்தோடு கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்து மாயின் பக்கத்தில் நின்றாள். வெளியே பார்த்தாள். "கண்டுபிடிச்சுட்டானா?" என்று கேட்டாள்.

"கண்டுபிடிச்சுட்டான்."

"நானும் போறேன்," என்று அவளும் மழையில் இறங்கினாள்.

"சளி பிடிக்கப்போகுது, மூணு பேரும் உள்ள வாங்க!" என்று எர்மெலிந்தா கத்தினாள். அவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளும் மறுபடி கூப்பிடவில்லை.